காதுக்குள்ளே ஒரு ரசமட்டம்!

சனிக்கிழமை சாயங்காலம். பீன்யாவில் ஷிப்ட் முடிந்து சங்கு ஊதியாயிற்று. கையில் ஒரு பை. பையில் குழந்தைக்கு வாங்கிய கவுன், வீட்டுக்கு ஒரு பொட்டலம் இனிப்பு. மெட்ரோ பிடித்து மெஜஸ்டிக், அங்கிருந்து சாந்திநகர் பஸ் நிலையம். முண்டியடித்து ஏறி, கிடைத்த இடத்தில் உட்காருகிறோம். பெரும்பாலும் அது கடைசி வரிசை!

ஒசூர் தாண்டும் வரை ஒன்றும் இல்லை. கிருஷ்ணகிரி வருவதற்குள் ஒருவருக்குக் கொட்டாவி மேல் கொட்டாவி வருகிறது. முகம் வெளுக்கிறது. நெற்றியில் குளிர்ந்த வியர்வை. வாயில் உமிழ்நீர் ஊறுகிறது. "அண்ணே, ஜன்னல் பக்கம் கொஞ்சம் இடம் கொடுங்க" என்கிறார். பிறகு நடப்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்தில் இருப்பவர்கள் முகம் சுளிக்கிறார்கள். கண்டக்டர் முணுமுணுக்கிறார்.

"பித்த உடம்பு" என்பார் ஒருவர். "வயிறு சரியில்லை, கண்டதைத் தின்றிருப்பார்" என்பார் இன்னொருவர். பித்தமும் இல்லை, வயிறும் இல்லை. குழப்பம் தொடங்கும் இடம் காது!

ஒரு குடும்பத்தில் வந்த மனஸ்தாபம்

பீன்யா இரண்டாவது கட்டத்தில் லேத் ஓட்டும் நண்பர் ஒருவர் உண்டு. ஊர் அரூர் பக்கம். அவர் மனைவி மூன்று வருஷமாக ஊருக்குப் போகவில்லை. "பட்டணத்துக்குப் போனதும் மருமகளுக்கு நம்ம ஊரு கசந்து போச்சு" என்று மாமியாருக்குக் கோபம். பண்டிகைக்கு நண்பர் மட்டும் தனியே போய் வருவார். ஊரில் வசவு வாங்குவார்.

உண்மை என்னவென்றால், அந்த அம்மாளுக்கு பஸ் ஏறிய அரை மணியில் குமட்டல் தொடங்கிவிடும். இறங்கிய பின்னும் ஒரு நாள் படுக்கைதான். இதை வெளியில் சொல்ல வெட்கம். சொன்னாலும் நம்புவோர் இல்லை. இப்படி எத்தனையோ வீடுகள். ஆகவே இந்த விஷயத்தைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

கொத்தனார் கையில் இருப்பது

கட்டட வேலை பார்த்தவர்களுக்கு ரசமட்டம் தெரியும். கண்ணாடிக் குழலில் திரவம், அதில் ஒரு குமிழ். பலகை சாய்ந்தால் குமிழ் நகரும். மிஷினை நிறுத்தும் பிட்டரும் இதைத்தான் வைத்துப் பார்க்கிறார். ஆண்டவன் நம் இரண்டு காதுக்குள்ளும் இதே போன்ற கருவியை வைத்திருக்கிறான்.

செவிப்பறைக்கு உள்ளே, கெட்டியான எலும்புக்குள் பொதிந்திருக்கிறது உட்செவி. அதில் நத்தை ஓடு போலச் சுருண்டிருக்கும் பகுதி சத்தம் கேட்பதற்கு. அதற்குப் பக்கத்திலேயே அரைவட்டமான மூன்று குழல்கள் உள்ளன. ஒவ்வொன்றும் சுமார் ஒரு பட்டாணி அளவுதான். மூன்றும் மூன்று திசையைப் பார்த்திருக்கும். தலையை 'ஆமாம்' என்று ஆட்டினாலும், 'இல்லை' என்று ஆட்டினாலும், தோள் பக்கம் சாய்த்தாலும் ஏதாவது ஒரு குழலில் உள்ள திரவம் அசையும். அங்குள்ள நுண்ணிய மயிர்களைக் கொண்ட அணுக்கள் வளைந்து, மூளைக்குத் தந்தி அடிக்கும்.

குழல்களுக்கு அடியில் இரண்டு சிறு பைகள். அவற்றில் பசை போன்ற ஒரு படலம். அதன் மேல் தூளாகக் கற்கள்! ஆம், சுண்ணாம்புக்கல் எதனால் ஆனதோ அதே கால்சியம் கார்பனேட்தான். பஸ் வேகம் எடுத்தாலும், பிரேக் போட்டாலும், லிப்ட் மேலே போனாலும் இந்தக் கற்கள் சற்று நகரும். உடனே மூளைக்குச் செய்தி போகும்.

சிறு வயதில் தட்டாமாலை சுற்றியிருப்பீர்கள். நாம் நின்ற பிறகும் உலகம் சுற்றும். ஏன்? ஒரு செம்பில் தண்ணீர் எடுத்துச் சுழற்றி, சட்டென்று நிறுத்திப் பாருங்கள். செம்பு நின்றாலும் தண்ணீர் சுற்றிக்கொண்டே இருக்கும். காதுக்குள்ளும் அதேதான்!

கண் ஒன்று சொல்ல, காது வேறு சொல்ல

பஸ்ஸில் நடப்பது என்ன? பேப்பர் படிக்கிறோம், அல்லது செல்போனைப் பார்க்கிறோம். கண்ணுக்கு எதிரே எழுத்து அசையாமல் நிற்கிறது. "நாம் ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கிறோம்" என்கிறது கண். "இல்லை, வளைகிறோம், சாய்கிறோம்" என்கிறது காது. இரண்டு சாட்சிகளும் முரண்பட்டால் நீதிபதி என்ன செய்வார்? மூளை குழம்புகிறது. இந்தக் கருத்தை ரீசன், பிராண்ட் என்ற இருவர் 1975-ல் ஒரு நூலில் விரிவாக எழுதினார்கள். இன்றும் பெரும்பாலான டாக்டர்கள் ஏற்பது இதைத்தான்.

சரி, மூளை குழம்பினால் வயிறு ஏன் கலங்க வேண்டும்? டிரீஸ்மன் என்ற விஞ்ஞானி 1977-ல் ஒரு யூகம் சொன்னார். ஆதிகாலத்தில் பஸ் ஏது, கப்பல் ஏது? கண்ணும் காதும் முரண்பட்டால், விஷக்காய் எதையோ தின்றுவிட்டோம் என்றுதான் அர்த்தம். ஆகவே உடம்பு அதை வெளியே தள்ளப் பார்க்கிறது. இது யூகமே தவிர, முடிந்த முடிவு அல்ல.

ஒரு விசேஷம் கவனியுங்கள். கல்லும் குழியுமான ரோட்டில் கடகடவென்று குலுங்குவதால் இடுப்புதான் வலிக்கும். குமட்டலைக் கிளப்புவது மெதுவான ஆட்டம். சுமார் ஐந்து விநாடிக்கு ஒருமுறை இப்படியும் அப்படியும் சாயும் ஆட்டமே மிகவும் மோசமானது. கப்பல் அப்படித்தான் ஆடுகிறது. மலைப்பாதையில் பஸ்ஸும் அப்படியே. ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள், திம்பம் மலைக்கு 27, கொல்லிமலைக்கு 70! வளைவுக்கு வளைவு காதுக்குள் அலை எழும்புகிறது.

டிரைவருக்கு மட்டும் ஏன் வருவதில்லை? அடுத்த வளைவு எது என்று அவருக்கு முன்கூட்டியே தெரியும். ஸ்டீயரிங்கைத் திருப்புவதும் அவரே. அவர் மூளைக்கு அதிர்ச்சி இல்லை.

வெந்நீரும் தண்ணீரும் தந்த பரிசு

வியன்னா நகரத்தில் ராபர்ட் பாரனி என்ற காது டாக்டர் இருந்தார். நோயாளிகளின் காதை நீர் பீச்சிக் கழுவுவார். சிலர் தலைசுற்றுகிறது என்பார்கள். தண்ணீர் போதிய சூடு இல்லாவிட்டால்தான் சுற்றுகிறது என்றார் ஒருவர். சரி என்று சூட்டை அதிகமாக்கினால் அப்போதும் சுற்றியது! ஆனால் கண்விழிகள் துடிக்கும் திசை மட்டும் மாறியிருந்தது. காதுக்குள் உள்ள திரவம் சூட்டிலும் குளிரிலும் எதிரெதிராக நகர்கிறது என்று பாரனி கண்டுகொண்டார். 1914-ம் வருஷத்து நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. செய்தி வந்தபோது அவர் எங்கே இருந்தார் தெரியுமா? முதல் உலக யுத்தத்தில் பிடிபட்டு, ரஷ்யாவில் கைதிகள் முகாமில்! 1916-ல் விடுதலையான பிறகே பரிசைப் பெற்றார். இன்றும் டாக்டர்கள் காதில் நீர் விட்டுச் சோதிப்பது அவர் காட்டிய வழிதான்.

அமெரிக்காவில் 1958 முதல் சில வருஷங்கள் இன்னொரு சோதனை நடந்தது. காலடெட் கல்லூரியைச் சேர்ந்த காது கேளாத 11 பேரைக் கடற்படை டாக்டர்கள் அழைத்துக்கொண்டார்கள். அவர்களில் 10 பேருக்குச் சிறு வயதில் மூளைச்சவ்வுக் காய்ச்சல் வந்து, செவித்திறனோடு சமநிலைக் கருவியும் பழுதாகிவிட்டது. கொந்தளிக்கும் கடலில் கப்பலில் கூட்டிப் போனார்கள். கப்பல் தாறுமாறாக ஆடியது. சோதிக்க வந்தவர்கள் வாந்தி எடுத்துச் சுருண்டார்கள். சோதிக்கப்பட்டவர்களோ நிம்மதியாகச் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள்! குமட்டலுக்கு மூலம் காதே என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

நம்ம பீன்யாவும் விண்வெளியும்

இந்தியாவின் முதல் செயற்கைக்கோள் ஆரியபட்டா உருவானது இந்தப் பீன்யா தொழிற்பேட்டைக் கொட்டகைகளில்தான். சுமார் 360 கிலோ எடை. 1975 ஏப்ரல் 19-ல் சோவியத் ராக்கெட்டில் மேலே போனது. செயற்கைக்கோள்களைக் கண்காணிக்கும் இஸ்ரோ நிலையம் இன்றும் பீன்யாவில் இருக்கிறது.

செயற்கைக்கோளுக்குத் தலைசுற்றாது. மனிதனுக்குச் சுற்றும். 1961 ஆகஸ்டில் விண்வெளிக்குப் போன 25 வயது ரஷ்ய வீரர் டிட்டோவ்தான் அங்கே முதன்முதலில் குமட்டல் கண்டவர். எடையற்ற நிலையில் காதுக்குள் உள்ள கற்களுக்கு மேலேது, கீழேது என்று தெரியாது. விண்வெளி போகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் முதல் இரண்டு மூன்று நாள் இந்தச் சங்கடத்தை அனுபவிக்கிறார்கள்.

1984 ஏப்ரல் 3-ல் புறப்பட்ட நமது ராகேஷ் சர்மா, சல்யூட்-7 நிலையத்தில் யோகாசனம் செய்து பார்த்தார். எடையற்ற நிலையின் தொல்லைகளுக்கு யோகம் உதவுமா என்று அறியும் சோதனை அது. 2025 ஜூன் 25-ல் புறப்பட்ட சுபான்ஷு சுக்லாவும், மேலே போன புதிதில் உடம்பு அவ்வளவு சுகமாக இல்லை என்று அங்கிருந்தே சொன்னார். ககன்யான் திட்டத்துக்கான வீரர்களைச் சோதித்துத் தேர்ந்தெடுத்ததும் இதே பெங்களூரில் உள்ள விமானப்படை வான்வெளி மருத்துவ நிலையம்தான்.

போர் விமானம் ஓட்டியவர்களுக்கே வரும்போது, பஸ்ஸில் நமக்கு வந்தால் அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

யாருக்கு அதிகம்?

இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு அபூர்வம். அதற்கு மேல் பன்னிரண்டு வயது வரை அதிகம். வயது ஏற ஏறக் குறையும். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். மாதவிலக்கு நாட்களிலும் கர்ப்ப காலத்திலும் கூடும். ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கும் அப்படியே. அடிக்கடி பிரயாணம் செய்தால் மூளை பழகிக்கொள்ளும். வருஷத்துக்கு ஒருமுறை மட்டும் பஸ் ஏறுகிறவருக்குப் பழக வாய்ப்பு இல்லை.

என்ன செய்யலாம்?

பஸ்ஸில் முன் பக்கம், ரோடு தெரியும் இடத்தில் உட்காருங்கள். பின் சக்கரத்துக்குப் பின்னால் உள்ள வரிசைகளில் ஆட்டம் அதிகம். படிக்காதீர்கள். செல்போனைப் பையில் போடுங்கள். தூரத்து மலையையோ, எதிரே உள்ள ரோட்டையோ பாருங்கள். இரவானால் கண்ணை மூடித் தலையைச் சாய்த்து வைத்துக்கொள்ளுங்கள். பட்டினியும் வேண்டாம், வயிறு முட்டவும் வேண்டாம். இரண்டு இட்லி போதும். எண்ணெய்ப் பலகாரம், பீடி, சிகரெட், மது கூடாது. நல்ல காற்று உதவும். இஞ்சி மொரப்பாவும் எலுமிச்சம்பழ வாசனையும் சிலருக்குப் பலன் தருகின்றன. கெடுதல் ஒன்றும் இல்லை.

மாத்திரைகளும் உண்டு. வாந்தி தொடங்கிய பிறகு விழுங்கிப் பயனில்லை. பஸ் புறப்படுவதற்கு அரை மணி, ஒரு மணி நேரம் முன்பே சாப்பிட வேண்டும். சிறு குழந்தைகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும், கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கும் டாக்டரைக் கேட்காமல் தரக்கூடாது.

திங்கட்கிழமை காலை எச்சரிக்கை!

இதுதான் பீன்யா நண்பர்கள் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டியது. இந்த மாத்திரைகளில் பெரும்பாலானவை தூக்கத்தைக் கொடுப்பவை. ஞாயிறு இரவு மாத்திரை போட்டு பஸ் ஏறுகிறோம். விடியற்காலை வந்து இறங்கி, முகம் கழுவி, நேராக முதல் ஷிப்டுக்குப் போகிறோம். மருந்தின் மயக்கம் அப்போதும் முழுக்க இறங்கியிருக்காது. தூக்கமும் சரியில்லை. எதிரே பவர் பிரஸ். ஒரு விநாடி கண் செருகினால் விரல் என்ன ஆகும்? சம்பளம் ஒரு நாள் போனாலும் பரவாயில்லை. போன விரல் திரும்பாது.

மாத்திரை போடுகிறவர்கள் ஞாயிறு பகலிலேயே கிளம்பி வாருங்கள். முடியாவிட்டால் சூபர்வைசரிடம் சொல்லி, அன்று மிஷினை விட்டு வேறு வேலை கேளுங்கள். பரண் மேலும் ஏணி மேலும் ஏறாதீர்கள்.

பஸ்ஸே ஏறாமல் தலைசுற்றினால் அது வேறு விஷயம். படுக்கையில் புரண்டால் உலகம் சுழல்கிறதா? காதுக் கற்கள் இடம் பெயர்ந்து குழலுக்குள் போயிருக்கலாம். தலையைக் குறிப்பிட்ட முறையில் திருப்பியே டாக்டர்கள் சரி செய்துவிடுவார்கள். காதில் இரைச்சலும் மந்தமும் சேர்ந்து வந்தால் காது டாக்டரைப் பார்க்க வேண்டும். தலைசுற்றலோடு பேச்சுக் குழறினாலோ, கை கால் மரத்தாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது. பீன்யாவிலும் ராஜாஜிநகரிலும் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைகள் உண்டு. நம் சம்பளத்தில் பிடித்த பணத்தில் நடப்பவை. போகத் தயங்க வேண்டாம்.

நமது லேத் நண்பருக்கு வருவோம். இந்தத் தடவை ஊருக்கு இரண்டு டிக்கெட் முன்கூட்டியே வாங்கியிருக்கிறார். பகல் பஸ், முன் பக்க இடம். பையில் இஞ்சி மொரப்பா இருக்கிறது. மாமியாரிடம் என்ன சொல்வது என்று கேட்டார்.

"மருமகள் மனசில் கோளாறு இல்லை அம்மா, காதுக்குள் இருக்கும் ரசமட்டம் கொஞ்சம் ஜாஸ்தியாக வேலை செய்கிறது" என்று சொல்லுங்கள் என்றேன். சிரித்துக்கொண்டே போனார்.