ஏரி நீரும் கடல்மீன் குஞ்சுகளும்

ஆற்று நன்னீரும் கடலின் உப்புநீரும் கலக்கும் கழிமுகம், கடல்மீன்கள் பலவற்றின் குஞ்சுகள் வளரும் இடமாகும். காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஆதனூர், மலைப்பட்டுப் பகுதி ஏரிகளின் உபரிநீரில் தொடங்கி, ஏறத்தாழ 42 கி.மீ. ஓடி, சென்னையின் பட்டினப்பாக்கத்துக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே கடலை அடையும் அடையாற்றின் கழிமுகமும் அத்தகையதே. ஆனால் பெருநகரின் கழிவுநீரும் கலக்கும் அந்நீரில், மீனின் வாழ்வு முட்டைப் பருவத்திலேயே முடிந்துவிடும் ஆபத்து நிலைத்திருக்கிறது.

மடவை, கொடுவா போன்ற மீன்கள் கடலிலோ முகத்துவாரத்தை ஒட்டியோ இடும் முட்டைகள் ஒரு மில்லிமீட்டரோ அதற்குச் சற்றுக் குறைந்தோ அளவினவாய், உள்ளிருக்கும் எண்ணெய்த் துளியால் மிதந்து நீரோட்டத்தின் போக்கில் செல்கின்றன; உளுவை மீன்களோ கல்லிலும் சிப்பி ஓட்டிலும் முட்டைகளை ஒட்டவைக்க, ஆண் மீன் அவற்றைக் காவல் காக்கிறது. கொடுவா முட்டை ஒரு நாளுக்குள் பொரிந்துவிடும். வெளிவரும் இளவுயிரி, அதாவது தாய்மீனின் வடிவத்தை இன்னும் பெறாத லார்வா, வயிற்றோடு ஒட்டிய கருவுணவுப் பையைக் கொண்டு சில நாட்கள் உயிர்வாழ்ந்து, அது தீர்வதற்குள் கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிர்களை உண்ணத் தொடங்கியாக வேண்டும். நீர் கெட்டால் வளர்ந்த மீன் விலகிச் சென்றுவிடும்; முட்டைக்கும் லார்வாவுக்கும் அந்த வழியில்லை.

அடையாற்றில் இந்த ஆபத்தைப் பெருக்குவது முகத்துவாரத்தை அடைக்கும் மணல்திட்டு. ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகரும் கரையோர மணலைத் தள்ளிவிட, வெள்ளம் வற்றிய ஆற்றுக்கு விசை போதாது. வாய் அடைபட்டால் கடலில் பிறந்த குஞ்சுகள் உள்ளே வர இயலாது. உள்ளே தேங்கும் கழிவு அழுகும்போது நீரில் கரைந்த ஆக்சிஜன் குறைந்து, அம்மோனியாவும் ஹைட்ரஜன் சல்பைடும் சேர்கின்றன.

இந்த இழப்பை அளந்தறிய ஒரு பழைய அடிப்படை உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆர். கோபால ஐயரும், பின்னாளில் தேசியக் கடலாய்வு நிறுவனத்தின் முதல் இயக்குநரான என்.கே. பணிக்கரும், சென்னையின் உவர்நீர் உயிரினங்களைப் பற்றி 1937ஆம் ஆண்டிலும், அவற்றின் இனப்பெருக்கத்தைப் பற்றி 1939ஆம் ஆண்டிலும் ஆய்வுரைகளை வெளியிட்டனர். இழந்த குஞ்சுகளைச் செயற்கையாக ஈடுசெய்யலாமே எனத் தோன்றலாம்: சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997ஆம் ஆண்டில் கொடுவாவைத் தொட்டியில் இனப்பெருக்கம் செய்விப்பதில் வெற்றி கண்டது. ஆயினும் பண்ணைக்குக் குஞ்சு தரும் பொரிப்பகம், கழிமுகத்தின் எல்லா உயிர்களுக்கும் மாற்றாகிவிடாது.

இச்சிக்கல் கரையோடு முடிவதன்று. உத்திரமேரூர் வட்டாரத்துக்கு நீரளிக்கும் செய்யாறு, திருமுக்கூடலில் பாலாற்றோடு கலந்து வாயலூர் அருகே கடலைச் சேர்கிறது. அங்கும் முகத்துவாரம் திறப்பதற்கு உள்நாட்டு ஏரிகள் நிறைந்து வழிந்து, ஆற்றில் நீர் வரவேண்டும். பராந்தகச் சோழனின் 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குறிப்பிடும் உத்திரமேரூர் ஏரி வாரியம், ஏரியைப் பேணுவதை ஊரின் கடமையாக ஏற்ற அமைப்பு. அக்கடமையின் எல்லை இன்று கழிமுகம்வரை நீளவேண்டும்: வரத்துக் கால்வாயைத் தூர்வாருவதும், ஆற்றில் சேரும் கழிவுநீரைச் சுத்திகரிப்பதும், பருவந்தோறும் முகத்துவாரத்தில் முட்டைகளையும் லார்வாக்களையும் கணக்கெடுப்பதும் ஒரே பணியின் பகுதிகள். பிடிபடும் மீனின் எடை கடந்த ஆண்டுகளின் நிலையையே காட்டும். வரும் ஆண்டுகளின் மீன்வளத்தை முன்கூட்டி அறிவிக்கக் கூடியது முட்டை, லார்வாக்களின் கணக்கே.