அழாத குழந்தை

"ரொம்ப சமத்துங்க. வந்து நாலு நாளாச்சு, ஒரு தடவைகூட அழல." தத்தெடுத்த குழந்தையை வீட்டுக்கு அழைத்து வந்த அம்மாக்கள் சிலர் போனில் இப்படிச் சொல்வதுண்டு. குரலில் பெருமை வழியும். மறுமுனையில் கேட்கும் சமூகப் பணியாளருக்கு அது நல்ல சேதியாகப் படாது. குழந்தை முன்பு இருந்த காப்பகத்தில், அதாவது இல்லத்தில், ஒரு ஆயாவின் கைக்குப் பல குழந்தைகள். ஒன்று அழுதால் உடனே ஓடிவர அவரால் முடியாது. அழுதும் பயனில்லை என்று கண்டுகொண்ட குழந்தை, மெல்ல மெல்ல அழுவதையே விட்டுவிடும். பசித்தால் விரலைச் சப்பிக்கொண்டு கூரையைப் பார்த்தபடி கிடக்கும்.

ராத்திரி இரண்டு மணிக்கு அது கண்ணைத் திறந்துகொண்டு சத்தமில்லாமல் கிடப்பதைப் பார்ப்பவர் அம்மாதான். அதற்கு என்ன அர்த்தம் என்று சொல்லத் தெரிந்தவர் பணியாளர். அம்மா வாயைத் திறந்தால்தான் பணியாளருக்குத் தெரியவரும். அம்மாவை வாய் திறக்கவிடுகிற மாதிரியா நம் ஏற்பாடு இருக்கிறது?

தத்து நடைமுறை முன்பைவிட ஒழுங்காகியிருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி 'காரா' எனப்படும் மத்திய தத்துவள ஆணையத்தின் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். பணியாளர் வீட்டுக்கு வந்து பார்த்து 'ஹோம் ஸ்டடி' அறிக்கை தருவார். அப்புறம் காத்திருப்பு, கைக்குழந்தைதான் வேண்டும் என்பவர்கள் மூன்று ஆண்டுகளுக்கு மேலும் காத்திருக்கிறார்கள். முறை வந்ததும் குழந்தையின் படமும் மருத்துவ அறிக்கையும் வரும். 48 மணி நேரத்துக்குள் பதில் சொல்லிவிட வேண்டும். நீதிமன்றம் தந்துகொண்டிருந்த தத்து ஆணையை 2022 செப்டம்பர் முதல் மாவட்ட ஆட்சியரே தருகிறார்.

சிக்கல் அந்த வீட்டு வருகையில் தொடங்குகிறது. பெண் பார்க்க வருகிற நாள் மாதிரி வீடு தயாராகும். திரைச்சீலை மாறும், கேசரி கிண்டப்படும். "வீட்டுப் பெரியவங்களுக்குச் சம்மதமா?" என்று பணியாளர் கேட்பார். "அவங்களுக்குத்தான் எங்களைவிடச் சந்தோஷம்" என்று பதில் வரும். உள்ளறையில் மாமியார், "எந்தச் சாதியோ, யார் வயித்துப் பிள்ளையோ" என்று முணுமுணுத்துக்கொண்டிருப்பார். குழந்தையில்லாத துக்கம் இன்னும் ஆறவில்லை, கணவர் அரைமனதாகத்தான் தலையாட்டினார் என்பதெல்லாம் கேசரித் தட்டுக்கு அடியிலேயே தங்கிவிடும். இதில் பெற்றோரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. தகுதி உண்டா இல்லையா என்று எழுதுகிறவரும் பிறகு உதவிக்கு வருகிறவரும் பல நேரம் ஒரே ஆள். மார்க் போடுகிற வாத்தியாரிடம் போய், எனக்கு இந்தப் பாடமே புரியவில்லை என்று எந்தப் பையன் சொல்வான்?

குழந்தை வந்த பிறகும் அந்தப் பயம் தொடர்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு, ஆறு மாதத்துக்கு ஒரு முறை, குழந்தை எப்படி இருக்கிறது என்று அறிக்கை போக வேண்டும். பெற்றோருக்கு இது உதவி கேட்பதற்கான வாய்ப்பாகத் தெரிவதில்லை. ஏதாவது சொல்லப்போய்ப் பிள்ளையைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டால்? எனவே பட்டுப்பாவாடை கட்டி, பொட்டு வைத்து, படம் எடுத்து அனுப்பிவிடுகிறார்கள். நாலு வயதுப் பிள்ளை தலையணைக்கு அடியில் இட்லியை ஒளித்துவைப்பதையும், அப்பாவின் மீசையைக் கண்டாலே அலறுவதையும் எழுதுவதில்லை. எழுதியிருந்தால் அனுபவமுள்ள பணியாளர் சிரித்திருக்கவும்கூடும். இல்லத்தில் வளர்ந்த பிள்ளைக்குச் சாப்பாடு அடுத்த வேளையும் வரும் என்று நம்பிக்கை வர மாதங்கள் ஆகும். அங்கே பார்த்துக்கொண்டவர்கள் எல்லாரும் பெண்கள். ஆம்பளைக் குரலே அதற்குப் புதிது. அப்பா தரையில் உட்கார்ந்து, தான் பாட்டுக்கு விளையாட்டுச் சாமானை உருட்டிக்கொண்டிருந்தால் போதும், ஒருநாள் அதுவாகவே பக்கத்தில் வரும். இது தெரியாத வீட்டில் அப்பா மனமொடிந்து, "இவளுக்கு என்னைப் பிடிக்கல" என்று ஒதுங்கிவிடுகிறார்.

கைக்குழந்தை என்றால், ஒருநாள் அது வீல் என்று அழ ஆரம்பிக்கும். இடுப்பை விட்டு இறங்காது, அம்மா குளிக்கப் போனாலும் கதவைத் தட்டும். கெட்டுப்போயிற்று என்று பாட்டி சொல்வார். கேள்விப்படும் பணியாளருக்கோ நிம்மதிப் பெருமூச்சு.

தத்தெடுக்காமல் தற்காலிகமாக வளர்த்துத் தரும் வளர்ப்புப் பராமரிப்பில் முடிச்சு வேறு. அங்கே குழந்தைக்குச் சொந்த அம்மா இருக்கலாம்; நோயாலோ வறுமையாலோ இப்போதைக்கு வளர்க்க முடியாதவராக இருக்கலாம். குழந்தைகள் நலக் குழு அந்தக் குழந்தையை ஒரு குடும்பத்தில் விடுகிறது. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. 2024-இல் வந்த மாதிரி வழிகாட்டுதலின்படி தனியாக வாழ்பவர்களும் இப்படி வளர்க்கலாம். இரண்டு ஆண்டு வளர்த்த பிறகு, சட்டப்படி தத்துக்கு உரிய குழந்தையானால் தத்தும் கேட்கலாம். ஆனால் நம் ஊரில் இது வேர் பிடிக்கவில்லை. 'நம்ம பிள்ளை' என்று வளர்க்கத் தெரிந்த அளவுக்கு, 'இன்னொருத்தி பிள்ளை, அவளிடமே போகட்டும்' என்று வளர்க்க நமக்குப் பழக்கமில்லை. அக்கா பிள்ளையைத் தங்கை வருஷக்கணக்கில் வளர்த்துத் திருப்பித் தந்த வீடுகள் எத்தனையோ உண்டு என்பதை மறந்துவிட்டோம். சொந்தத்துக்கு வெளியே அதைச் செய்ய, இரண்டு அம்மாக்களுக்கும் நடுவில் உட்கார்ந்து பேச ஒருவர் வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் அந்த வேலைக்கு இருக்கும் சிலர்தான் சிறார் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ வழக்குக்கும் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கவும் ஓடுகிறார்கள்.

இந்தப் பேச்சு எதிலும் யாரும் கேட்காத ஆள் ஒருவர் இருக்கிறார்: ஆயா. கோப்பில் எடை இருக்கும், தடுப்பூசித் தேதி இருக்கும். எந்தப் பக்கம் சாய்த்துப் பிடித்தால் பால் குடிக்கும், எந்தத் துணியின் நுனியைக் கன்னத்தில் வைத்தால் தூங்கும், விளக்கை அணைத்தால் ஏன் மிரளும் என்பது அவர் கைக்குத்தான் தெரியும். ஒப்படைக்கும் நாளில் அவர் ஓரமாக நின்று கண்ணைத் துடைத்துக்கொள்வார். படத்துக்கு அவரை யாரும் கூப்பிடுவதில்லை.

பெற்றவர்கள் தொட்டிலில் விட்டுச் செல்லும் சிசுக்களை அரசு ஏற்றுக்கொள்ளும் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் சேலத்தில் தொடங்கியது. அதில் முதலில் வந்தவர்கள் இன்று முப்பதைத் தாண்டியவர்கள். தத்துப்பிள்ளை 18 வயதுக்குப் பின் தன் வேரைத் தேடி விண்ணப்பிக்கலாம்; தன்னைப் பற்றிச் சொல்லக்கூடாது என்று பெற்றவர் கேட்டிருந்தால், அவர் சம்மதமில்லாமல் விவரத்தைத் தர மாட்டார்கள். யாருக்கும் தெரியாமல் தொட்டிலில் விடப்பட்டவர்களுக்குக் கோப்பைத் திறந்தாலும் பெரும்பாலும் தேதியைத் தவிர ஒன்றும் இருக்காது. "நான் எப்படி இருந்தேன்?" என்று அவர்கள் கேட்டால் பதில் சொல்லக்கூடியவர் அந்த ஆயா ஒருவர்தான். அவரும் எப்போதோ வேலையிலிருந்து நின்றிருப்பார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிற அன்று பத்து நிமிஷம் அவரோடு உட்கார்ந்து, சொல்வதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளலாம். அவர் குழந்தைக்குப் பயன்படுத்திய பழைய துணியையும் துவைக்காமல் கேட்டு வாங்கி வரலாம். எந்தப் படிவத்திலும் அதற்குக் கட்டம் இல்லை.