ஆலைக்குள் பிறந்த யோசனை அகப்பக்கத்தில் ஏறட்டும்

பிரிஞ்சாங்கிலிருந்து கியா பார்ம், திரிங்காப் வழியாகக் கோலா தெர்லாவுக்குப் போகிறவர்கள் சாலையோரத்து நெகிழிக் கூடாரங்களையும் காய்கறிப் பாத்திகளையும் மலைச்சரிவில் விரிந்து கிடக்கும் தேயிலையையும் பார்க்காமல் போக முடியாது. ஜே.ஏ. ரஸ்ஸல் 1929-இல் போ தோட்டத்தைத் தொடங்கினார். அந்நாள் தொட்டுக் கேமரன் மலைத் தேயிலையில் தமிழரின் உழைப்பு கலந்திருக்கிறது. முதலில் கொழுந்தை வெறுங்கையால் கிள்ளினார்கள். பிறகு பை பொருத்திய கத்தரி வந்தது. அதன்பின், இருவர் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நிரையின் மேலே நகர்த்தும் இயந்திரம் வந்தது. இப்படி ஒவ்வொரு மாற்றம் வந்தபோதும், "இதை இப்படிப் பிடித்தால் வசதியாக இருக்குமே" என்று யாரோ ஒரு தொழிலாளி சொல்லியிருப்பார். அவர் பெயர் எந்த ஏட்டில் இருக்கிறது?

இன்று பல நிறுவனங்களில் புத்தாக்கக் குழு என்று ஒன்று இருக்கிறது. வேலை செய்கிறவர்களே ஐந்தாறு பேராகக் கூடி, தங்கள் பிரிவில் உள்ள ஒரு சிக்கலை எடுத்துக்கொண்டு அதற்குத் தீர்வு காண்பார்கள். இது ஜப்பானில் 1962-இல் பேராசிரியர் கவோரு இஷிகாவா ஊன்றிய தரக் கட்டுப்பாட்டுக் குழுவின் வழி வந்தது. மலேசிய அரசாங்க அலுவலகங்களில் 1983-இல் அறிமுகமானது. தனியார் நிறுவனங்களிலும் இப்படிப்பட்ட குழுக்கள் உண்டு. மலேசிய உற்பத்தித்திறன் கழகம் இவர்களுக்காக மாநாடுகளும் போட்டிகளும் நடத்துகிறது.

மாநாடு முடிந்து குழு வீடு திரும்பிய பிறகு என்ன நடக்கிறது? கோப்பை கண்ணாடி அலமாரிக்குப் போகிறது, அறிக்கை கோப்புக்குள் போகிறது. நிறுவனத்தின் அகப்பக்கத்தைத் திறந்தால் தலைமை இயக்குநரின் வாழ்த்துரையும், சான்றிதழ் வாங்கும் படமும், மின்விளக்குச் சின்னம் ஒன்றும் தெரியும். அந்தக் குழு என்னதான் செய்தது என்பது மட்டும் தெரியாது.

கண்ணாடிச் சுவர் போல

சுங்கை பாலாஸ் தேயிலை மையத்துக்குப் போனவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். அங்கே கண்ணாடி வழியே ஆலைக்குள் நடக்கும் வேலையைப் பார்க்கலாம். இலை காய்வது, உருட்டப்படுவது, தரம் பிரிக்கப்படுவது எல்லாம் கண்முன்னே நடக்கும். புத்தாக்கக் குழுவுக்கு அகப்பக்கம் அமைக்கிறவர்கள் அந்தக் கண்ணாடியை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்துவிடும். வருகிறவருக்குக் கோப்பையைக் காட்டுவதை விட வேலையைக் காட்டுங்கள்.

ஒரு யோசனையின் கதையைச் சொல்ல நாலைந்து வரி போதும். தேயிலை உலகிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. 1930 வாக்கில் அசாமின் அம்குரி தோட்டத்தில் பொறுப்பில் இருந்தவர் வில்லியம் மெக்கெர்ச்சர். அதுவரை வாடவைத்த இலையை இயந்திரத்தில் உருட்டித்தான் தூளுக்குப் பக்குவப்படுத்தினார்கள். பற்கள் வெட்டிய இரண்டு உருளைகளை வெவ்வேறு வேகத்தில் சுழலவிட்டு, நடுவில் இலையைச் செலுத்தும் முறையை அவர் கொண்டுவந்தார். இலை நசுங்கி, கிழிந்து, சுருண்டு மணிமணியாக விழுந்தது. இந்தியாவில் இன்று தயாராகும் தேயிலையில் பெரும்பகுதி இந்தச் சி.டி.சி. முறையில்தான் வருகிறது. முன்பு எப்படி இருந்தது, என்ன தொல்லை, எதை மாற்றினார்கள், மாற்றியபின் என்ன ஆனது என்பதெல்லாம் இந்தச் சில வரிகளுக்குள் வந்துவிட்டன. "செயல்திறன் மேம்பாட்டுக்கான ஒருங்கிணைந்த அணுகுமுறை" என்று எழுதினால் படிக்கிறவர் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்.

தோற்றுப்போன முயற்சியையும் போடலாமா? போடத்தான் வேண்டும். டாட்டா குழுமம் 2006-இல் தொடங்கிய இன்னோவிஸ்டா போட்டியில், துணிந்து முயன்றும் பலிக்காமல் போன திட்டங்களுக்கென்றே ஒரு விருதுப் பிரிவு வந்தது. திரீ எம் நிறுவனத்தில் ஸ்பென்சர் சில்வர் 1968-இல் கண்டுபிடித்த பசை சரியாக ஒட்டவில்லை. அந்த ஒட்டாத பசையைத்தான் பின்னால் சக ஊழியர் ஆர்ட் ஃபிரை காகிதத்தில் தடவிப் பார்த்தார். 1980-இல் ஒட்டுத்தாளாக அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. தோல்வியை எழுதிவைத்தால் அதே குழியில் அடுத்த குழு விழாது. புதிதாக வேலைக்குச் சேர நினைக்கும் இளைஞனுக்கும் அந்த நிறுவனத்தின் மேல் ஒரு நம்பிக்கை வரும்.

பெயரும் உரிமையும்

எல்லாவற்றையும் உடனே போட்டுவிடக்கூடாது என்பதும் உண்மை. ஒரு கருவியின் நுட்பத்தை அகப்பக்கத்தில் விளக்கிவிட்டால் அது உலகுக்கே தெரிந்த செய்தியாகிவிடும். மலேசியச் சட்டம் காப்புரிமைக்கு விண்ணப்பிக்க ஓராண்டு அவகாசம் தருகிறது. ஐரோப்பாவில் பொதுவாக அந்தச் சலுகை கிடையாது. ஆகவே விண்ணப்பம் முதலில் போகட்டும், படம் பிறகு ஏறட்டும்.

நம் தொழிலாளர்கள் பலர் அறியாத ஒரு விஷயமும் இங்கே உண்டு. 1983-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி, வேலையின் பகுதியாக ஊழியர் கண்டுபிடித்ததன் உரிமை, ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லப்படாவிட்டால், முதலாளிக்கே சேரும். ஆனால் அந்தக் கண்டுபிடிப்பு இரு தரப்பும் எதிர்பார்த்ததை விட மிகப் பெரிய வருமானம் தந்தால், ஊழியர் நியாயமான ஊதியம் கேட்கலாம். யார் கண்டுபிடித்தார் என்பதற்குத் தேதியோடு ஒரு பதிவு இல்லாவிட்டால் அவர் எதை வைத்துக் கேட்பார்? "எங்கள் குழுவின் சாதனை" என்று மொத்தமாக எழுதும் அகப்பக்கம் அவருக்கு உதவாது. யோசனை சொன்னவர், வடிவமைத்தவர், சோதித்துப் பார்த்தவர் என்று தனித்தனியாகப் பெயர் வர வேண்டும். படத்துக்கும் பெயருக்கும் அவரவர் சம்மதத்தை எழுத்தில் வாங்க வேண்டும். 2013-இல் நடப்புக்கு வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

அடுத்தது மொழி. கேமரன் மலைத் தோட்டங்களில் இன்று நேப்பாளிகளும் வங்காளதேசிகளும் தமிழரோடு சேர்ந்து வேலை செய்கிறார்கள். ஆங்கிலத்தில் மட்டும் இருக்கும் பக்கத்தை அவர்களில் எத்தனை பேர் படிப்பார்கள்? தமிழில் போடுவதில் இப்போது சிரமம் ஏதுமில்லை. நம் நாட்டவரான முத்து நெடுமாறன் முரசு மென்பொருளை 1985-லேயே உருவாக்கிவிட்டார். யூனிகோட் எழுத்தில் ஏற்றினால் தேடுபொறியும் கண்டுபிடித்துக் கொடுக்கும். எழுத்தையே படமாக்கி ஒட்டும் பழக்கம் மட்டும் வேண்டாம், தேடுபொறியில் அது சிக்காது.

மலைப்பகுதியில் பெரும்பாலோர் கைத்தொலைபேசியில்தான் பார்க்கிறார்கள். வளைவு நெளிவுகளில் அலைவரிசை விட்டுவிட்டு வரும். முகப்பிலேயே பெரிய காணொளி ஓடினால் பக்கம் திறப்பதற்குள் தேநீர் ஆறிவிடும். சிறிய படம், ஒரு திட்டத்துக்கு ஒரு பக்கம், மேலே ஒரு தேடும் பெட்டி இருந்தால் போதும். கீழே "உங்களிடம் யோசனை உண்டா?" என்று கேட்டு, எழுதத் தயங்குகிறவர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்ப ஒரு வழி வைக்கலாம். டொயோட்டா தொழிலாளரிடம் யோசனை கேட்கும் திட்டத்தை 1951-இல் தொடங்கியது. வரும் யோசனைக்குப் பதில் போகாவிட்டால் அந்தப் பெட்டி மூன்றே மாதத்தில் வெறும் அலங்காரமாகிவிடும். ஆகவே பதில் சொல்லும் பொறுப்பைக் கணினிப் பிரிவிடம் தள்ளிவிடாமல், குழுவில் ஒருவரிடம் பெயர் குறிப்பிட்டே ஒப்படைக்க வேண்டும். அவர் விடுப்பில் போகும் வாரத்துக்கு இன்னொருவரையும் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.