எந்தப் பெப்பரைக் கேட்டீர்கள்?

பீட்டில்ஸ் குழுவின் ‘சார்ஜன்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பேண்ட்’ 1967 மே மாதக் கடைசியில் பிரிட்டனில் வெளிவந்தது. அன்று தொடங்கிய வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. ராக் இசையின் சிகரம் இதுதான் என்பார் ஒருவர். அதற்கு முந்தைய ஆண்டு வந்த ‘ரிவால்வர்’ பக்கத்தில்கூட இது வராது, ஜோடனைதான் அதிகம் என்பார் இன்னொருவர். வெளிவந்த சில வாரங்களிலேயே நியூயார்க் டைம்ஸில் ரிச்சர்ட் கோல்ட்ஸ்டீன் என்ற விமர்சகர் இதைக் கடுமையாகக் குறைசொல்லி எழுதினார். வாசகர்கள் கோபக் கடிதங்களைக் குவித்தார்கள். ரோலிங் ஸ்டோன் இதழ் தன் 500 சிறந்த ஆல்பங்கள் பட்டியலில் 2003இலும் 2012இலும் இதற்கு முதலிடம் கொடுத்தது. 2020இல் அதே இதழ் 24ஆம் இடத்துக்கு இறக்கிவிட்டது.

ரசனை ஆளுக்கு ஆள் வேறுபடும், இதிலென்ன அதிசயம் என்று கேட்கலாம். அது பாதிக் காரணம். மீதிப் பாதிதான் சுவாரசியமானது. இப்படிச் சண்டை போடுகிறவர்களில் பலர் ஒரே இசையைக் கேட்டவர்களே இல்லை. அட்டை ஒன்று, பாட்டுகளின் வரிசை ஒன்று, உள்ளே இருக்கும் ஒலி வேறு. அது எப்படி என்று ஒவ்வொரு படியாகப் பார்ப்போம். டீ ஆறுவதற்குள் முடித்துவிடலாம்.

முதலில் மோனோ, ஸ்டீரியோ என்ற இரண்டு சொற்கள். மோனோ தட்டில் இருப்பது ஒரே ஒலித்தடம். பாட்டு, கிட்டார், டிரம்ஸ் எல்லாம் அந்த ஒன்றிலேயே சேர்ந்திருக்கும். எத்தனை ஸ்பீக்கர் வைத்தாலும் எல்லாவற்றிலும் ஒரே ஒலிதான் வரும். ஸ்டீரியோவில் இடக் காதுக்கு ஒன்று, வலக் காதுக்கு ஒன்று என்று இரண்டு தடங்கள். ஒரு கருவியை இடப் பக்கத்தில் மட்டும் கொடுத்தால் அது இடப் பக்கத்திலிருந்து கேட்கும். இரண்டிலும் சம அளவில் கொடுத்தால் நடுவில் நிற்பதுபோல் தோன்றும். நம் இரண்டு காதுகளையும் வைத்துச் செய்யும் ஒரு நல்ல ஏமாற்று வேலை அது.

பிரிட்டனில் ஸ்டீரியோ தட்டுகள் 1958 முதலே விற்பனைக்கு வந்துவிட்டன. ஆனால் 1967இல் பாப் இசை கேட்கும் இளைஞர்கள் வீட்டில் இருந்தது பெரும்பாலும் ஒற்றை ஸ்பீக்கர் வைத்த சின்ன ரெக்கார்ட் பிளேயர். வானொலியும் அவர்களுக்கு மோனோவில்தான் பாடியது. எனவே பீட்டில்ஸ் குழுவினருக்கும், தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினுக்கும், ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமெரிக்குக்கும் ‘ஆல்பம்’ என்றால் மோனோ ஆல்பம்தான். பதிவான ஒலிகளை ஒன்றாகச் சேர்க்கும் அதன் கலவைக்காகப் பாடகர்களே கூட இருந்து, இதைக் கூட்டு, அதைக் குறை என்று சொல்லிச் சொல்லி நிறைய நேரம் செலவிட்டார்கள். ஸ்டீரியோ கலவை பிறகு சில நாட்களில், அவர்கள் யாரும் பக்கத்தில் இல்லாமல், மார்ட்டினும் எமெரிக்கும் முடித்த வேலை. இரண்டும் தனித்தனியே கையால் செய்யப்பட்டவை. ஒன்றிலிருந்து மற்றொன்று எடுக்கப்படவில்லை.

எல்லாரும் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். மோனோ என்றால் பழசு, ஸ்டீரியோவில் பாதி போய்விட்ட குறைப்பிரதி என்று நினைக்கிறோம். கறுப்பு வெள்ளைப் படமும் கலர் படமும் நினைவுக்கு வருகின்றன. கைப்பேசியிலேயே மோனோவுக்கு மாற்றிக்கொள்ள ஒரு வசதி இருப்பது இந்த எண்ணத்தை இன்னும் உறுதிப்படுத்துகிறது. பொத்தானைத் தட்டினால் மோனோ பெப்பர் வந்துவிடும் என்று தோன்றுகிறது. வராது. அந்தப் பொத்தான் ஸ்டீரியோவின் இரண்டு தடங்களையும் ஒன்றாகக் கூட்டித் தருகிறது, அவ்வளவுதான். அப்படிக் கூட்டும்போது இரண்டிலும் பொதுவாக இருந்த நடுக்குரல் பெருத்துவிடும், ஓரங்களில் இருந்தவை அதோடு ஒப்பிட்டால் சிறுத்துவிடும். 1967இன் மோனோ பெப்பருக்கும் அந்த ஒலிக்கும் எந்த உறவும் இல்லை.

உண்மையில் மோனோ கலவைதான் கடினமான வேலை. ஸ்டீரியோவில் கிட்டார் குரலை மறைத்தால் கிட்டாரை ஓரமாகத் தள்ளிவிடலாம். மோனோவில் தள்ள இடமே கிடையாது. எல்லாம் ஒரே புள்ளியிலிருந்து வரவேண்டும், எல்லாம் தெளிவாகவும் கேட்கவேண்டும். சத்த அளவு, கருவியின் தொனி, எது எப்போது உள்ளே வருகிறது என்ற மூன்றை மட்டும் வைத்துச் சமாளிக்கவேண்டும். நன்றாகச் செய்தால் டிரம்ஸும் பாஸ் கிட்டாரும் ஒன்றாக நெஞ்சில் அடிக்கும். ‘பெட் சவுண்ட்ஸ்’ என்ற 1966ஆம் ஆண்டு ஆல்பத்தைப் பீச் பாய்ஸ் குழுவின் பிரையன் வில்சன் மோனோவில்தான் செய்தார். அவருக்கு வலக் காது கேட்காமல் இருந்தது. அந்த ஆல்பம் தந்த உந்துதலில்தான் பெப்பர் பிறந்தது என்று பால் மெக்கார்ட்னி பலமுறை சொல்லியிருக்கிறார். குறைப்பிரதிக்கு இப்படி ஒரு வாரிசு பிறக்குமா?

சரி, 1967 ஸ்டீரியோ பெப்பர் ஏன் சில இடங்களில் விநோதமாக இருக்கிறது? குரல் ஒரு பக்கம், தாளக் கருவிகள் மறுபக்கம் என்று ஏன் பிய்ந்து நிற்கிறது? அதற்கு லண்டன் ஆபி ரோடு ஸ்டுடியோவின் டேப் இயந்திரங்களைக் கொஞ்சம் பார்க்கவேண்டும். அவற்றில் மொத்தம் நான்கு தடங்கள்தான். டிரம்ஸ், பாஸ், கிட்டார், பியானோ என்று நான்கும் நிறைந்தபின் குரலுக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்கும் எங்கே போவது? அந்த நான்கையும் கலந்து, இன்னொரு இயந்திரத்தில் ஒரே தடமாகப் பதிவு செய்வார்கள். மீதித் தடங்கள் புதிய ஒலிகளுக்குக் காலியாகும். தேவைப்பட்டால் இதையே மறுபடியும் செய்வார்கள். டிகாக்‌ஷனில் பாலை ஊற்றிய மாதிரிதான். கலந்தது கலந்ததுதான், திரும்பப் பிரிக்க வழியில்லை. ஸ்டீரியோ செய்ய உட்காரும்போது அந்தக் கலந்த தடத்தை இடமோ வலமோ ஏதாவது ஓரிடத்தில் மொத்தமாக வைத்தாகவேண்டும். டிரம்ஸை நடுவிலும் கிட்டாரை ஓரத்திலும் வைக்கலாம் என்றால் அவை ஏற்கெனவே ஒட்டிக்கொண்டுவிட்டன.

ஒரு நண்பரோடு ஆளுக்கொரு இயர்போனை மாட்டிக்கொண்டு இந்த ஸ்டீரியோவைக் கேட்டுப் பாருங்கள். சில பாட்டுகளில் ஒருவருக்குக் குரல் நன்றாகக் கேட்கும், மற்றவருக்குக் கருவிகள்தான் அதிகம் கேட்கும். அதற்குப் பிறகு பாட்டு எப்படி என்று இருவரும் விவாதித்து என்ன பயன்?

வேறுபாடுகள் இடம் வலத்தோடு முடிவதில்லை. ‘ஷீஸ் லீவிங் ஹோம்’ பாட்டை எடுத்துக்கொள்வோம். வீட்டை விட்டுப் போகும் பெண்ணைப் பற்றிய பாட்டு. பீட்டில்ஸ் யாரும் கருவி வாசிக்கவில்லை, ஹார்ப்பும் வயலின் வகைக் கருவிகளும் மட்டுமே. மோனோவில் டேப்பைக் கொஞ்சம் வேகமாக ஓட்டினார்கள். அதனால் சுருதி ஏறக்குறைய அரைக் கட்டை ஏறி, மெக்கார்ட்னியின் குரல் இளமையாகிறது, பாட்டுக்கு ஒரு துள்ளல் வருகிறது. ஸ்டீரியோவில் வேகத்தைக் கூட்டவில்லை. பாட்டு இழுக்கிறது. ‘ஒரே அழுமூஞ்சிப் பாட்டு’ என்று இதை ஒதுக்குகிறவர்கள் பெரும்பாலும் ஸ்டீரியோக்காரர்கள் என்பது என் சந்தேகம். அவர்கள் சொல்வது தவறும் அல்ல. அவர்கள் கேட்ட பாட்டு நிஜமாகவே அழுமூஞ்சிதான்.

முதல் பாட்டு கடைசிப் பாட்டுக்கு முன்னால் மீண்டும் வரும் இடம் இன்னொன்று. மோனோவில் அதன் முடிவில் மெக்கார்ட்னி உற்சாகத்தில் கத்துவது தெளிவாகக் கேட்கும், ஸ்டீரியோவில் அது அமுங்கிப் போகிறது. ‘லூசி இன் த ஸ்கை வித் டைமண்ட்ஸ்’ பாட்டில் குரலைச் சுழலவைக்கும் ஜாலம் மோனோவில்தான் தூக்கலாக இருக்கிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், குழுவினர் பார்த்துப் பார்த்துச் செய்த மோனோதான் சந்தையிலிருந்து மறைந்தது. சில ஆண்டுகளில் ஸ்டீரியோ எங்கும் பரவ, மோனோ தட்டுகள் அச்சிடுவது நின்றது. 1987இல் குறுந்தகடு வந்தபோது அதிலும் ஸ்டீரியோதான். 2009இல் மோனோ ஆல்பங்களின் பெட்டி வரும்வரை, ஒரு முழுத் தலைமுறை அவசரப் பிரதியைக் கேட்டே காதலித்தது, அல்லது கைகழுவியது. 2017இல், ஐம்பதாம் ஆண்டில், ஜார்ஜ் மார்ட்டினின் மகன் ஜைல்ஸ் புதிதாக ஒரு ஸ்டீரியோ கலவை செய்தார். டிகாக்‌ஷனில் பாலைக் கலப்பதற்கு முந்தைய டேப்புகளை எடுத்து, கணினியில் ஒன்றோடொன்று ஒத்து ஓடவைத்து, கருவிகளைத் தனித்தனியே இடம் பார்த்து வைத்தார். அவருக்கு வழிகாட்டி பழைய மோனோதான். ‘ஷீஸ் லீவிங் ஹோம்’ அதில் மோனோ வேகத்துக்கே திரும்பியது. சண்டை தீர்ந்ததா என்றால், மூன்றாவது கட்சி ஒன்று முளைத்தது. பழைய ஸ்டீரியோவில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் புதிய கலவையின் பாஸ் ஒலி உறுத்துகிறது.

எல்லாவற்றுக்கும் கலவையே காரணம் என்று சொல்லிவிட முடியாது. கேட்கும் காதும் இருக்கிறதே. இரண்டாம் பக்கத்தின் முதல் பாட்டு, ஜார்ஜ் ஹாரிசனின் ‘வித்தின் யூ வித்தவுட் யூ’. மேற்கத்திய ரசிகர்களில் பலர் ஊசியைத் தூக்கி அடுத்த பாட்டில் வைத்துவிடும் இடம் இது. தம்புரா, தபலா, தில்ரூபா. வாசித்தவர்கள் லண்டனில் இருந்த ஏசியன் மியூசிக் சர்க்கிள் வழியாக வந்த இந்தியக் கலைஞர்கள். நம்மில் கர்நாடக இசை கேட்டுப் பழகியவருக்கு அதன் சுரங்கள் ஹரிகாம்போஜியை நினைவூட்டும். இந்துஸ்தானியில் அதற்கு இணை கமாஜ் தாட். பதினாறு மாத்திரைத் தாளம் நடுவில் பத்து மாத்திரைக்கு மாறுகிறது. சுருதியில் நின்று மெல்ல நகரும் இசை அலுப்பூட்டும் என்று நமக்கு யாரும் சொல்லித்தரவில்லை, அதனால் இங்கே நாம் ஊசியைத் தூக்கமாட்டோம்.

எனவே நண்பர் ஒருவர் பெப்பர் பிடிக்கவில்லை என்றால் எதைக் கேட்டீர்கள் என்று விசாரித்துவிட்டு, ‘ஷீஸ் லீவிங் ஹோம்’ பாட்டின் மோனோவையும் பழைய ஸ்டீரியோவையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டலாம். ஆனால் கடைசிப் பாட்டான ‘எ டே இன் த லைஃப்’ வரும்போது நான் கட்சி மாறிவிடுவேன். அதில் ஜான் லெனனின் குரல் ஒரு ஓரத்தில் தொடங்கி மெல்ல மறு ஓரத்துக்கு நகரும். நாற்பது பேர் ஆர்கெஸ்ட்ரா கீழிருந்து மேலே ஏறும்போது இரண்டு பக்கமும் திறந்துகொள்ளும். அந்தப் பழைய ஸ்டீரியோவை எதற்காகவும் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

அதன் முடிவில் பல பியானோக்களில் ஒரே நேரத்தில் அடித்த ஒரு ஸ்வரக்கூட்டு நாற்பது விநாடிக்கும் மேல் ஒலிக்கும். ஒலி தேயத் தேய ஒலிப்பதிவாளர் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனதால் கடைசியில் ஸ்டுடியோவில் யாரோ அமர்ந்த நாற்காலி கிறீச்சிடுவதுகூடப் பதிவாகியிருக்கிறது. அதைப் பிடிக்க நாமும் சத்தத்தைக் கூட்டுவோம். பிரிட்டிஷ் தட்டு என்றால் உடனே குறைத்துவிடுங்கள். அடுத்து சுமார் 15,000 ஹெர்ட்ஸில் ஒரு விசில் உண்டு. நடுவயது தாண்டிய பலருக்கு அது கேட்காது, வீட்டில் இருக்கும் பிள்ளைக்கும் நாய்க்கும் கேட்கும். அதன் பின்னாலேயே தட்டின் கடைசி வளையத்தில் அர்த்தமில்லாத உளறல் ஒன்று. தானாக ஊசி தூக்கும் பிளேயர் இல்லையென்றால், யாராவது எழுந்துபோய் ஊசியை எடுக்கும்வரை அது சுற்றிச் சுற்றி உளறிக்கொண்டே இருக்கும். அமெரிக்காவில் வெளியான தட்டில் இந்த இரண்டுமே கிடையாது.