பழைய கைத்தொலைபேசியும் தலைச்சாவியும்

புலம்பெயர்ந்த எமது வீடுகளில் பழைய கைத்தொலைபேசிகள் இரண்டு மூன்றாவது இழுப்பறையில் உறங்கிக் கிடக்கும். மூத்த பிள்ளை பாவித்து விட்டது ஒன்று, உறவினர் தந்தது இன்னொன்று. எறிந்துவிட யாருக்கும் மனம் வருவதில்லை. புதிதாக வந்து சேர்ந்து தஞ்சம் கோரியிருக்கும் ஒருவருக்கு, அவற்றுள் ஒன்றே இந்நாட்டில் முதற் கைத்தொலைபேசியாகவும் அமைந்துவிடுகின்றது. இத்தகைய கருவிகளுக்குப் புத்துயிர் ஊட்டும் வழியென்று, ஒரே அழுத்தலில் 'ரூட்' செய்யும் மென்பொருள்களைப் பற்றி எமது இளைஞர்கள் பேசிக்கொள்கின்றனர். செய்யலாமா, வேண்டாமா என்ற கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் விடை கூற இயலாது. அந்த அழுத்தலின்போது கருவிக்குள் நிகழ்வது யாது என்பதை முதலில் நோக்குவோம்.

அன்ட்ரொயிட் இயங்குதளம் லினக்ஸ் என்னும் கருவின் மீது கட்டப்பட்டது. அதில் ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனிப் பயனர் எண் வழங்கப்படுகின்றது. ஒரு விடுதியில் ஒவ்வொருவருக்கும் ஓர் அறையும் ஒரு சாவியும் கொடுப்பதைப் போன்றது இது. விளையாட்டுச் செயலி தன் அறையில் இருக்கும். வட்ஸ்அப் தன் அறையில் இருக்கும். ஒன்றின் பெட்டியை மற்றொன்று திறக்க முடியாது. யூனிக்ஸ் காலத்திலிருந்து வழிவழியாக வந்த 'ரூட்' என்னும் பயனருக்கு மட்டும் எண் 0. எல்லா அறைகளையும் திறக்கும் தலைச்சாவி அவரிடம் உண்டு. காசு கொடுத்துக் கருவியை வாங்கியவருக்கு அந்தச் சாவியை உற்பத்தியாளர்கள் கொடுப்பதில்லை. அதைப் பெறும் முயற்சிக்கே ரூட் செய்தல் என்று பெயர்.

தொடக்கத்தில் இது வேடிக்கையாகவும் இருந்தது. 2008 ஒக்ரோபரில் விற்பனைக்கு வந்த முதல் அன்ட்ரொயிட் கைத்தொலைபேசியான ஜீ1 கருவியில், திரையில் தட்டச்சு செய்யும் ஒவ்வொரு சொல்லும் பின்னணியில் ரூட் அதிகாரத்துடன் கட்டளையாகவும் செயற்பட்டது. நண்பருக்கு அனுப்பும் செய்தியில் 'ரீபூட்' என்பதை ஆங்கிலத்தில் எழுதி முடித்ததும் கருவி தானே அணைந்து மீண்டும் எழுந்தது. கூகுள் விரைவிலேயே அந்தத் துளையை அடைத்துவிட்டது.

ஒரே அழுத்தலில் ரூட் என்பதன் இலக்கணமாக அமைந்தது 2014ஆம் ஆண்டின் நிகழ்வு. அவ்வாண்டு ஏப்ரலில் சம்சுங் கலக்ஸி எஸ்5 வெளிவந்தது. அமெரிக்காவின் வெரைசன், ஏரி அன்ட் ரி ஆகிய நிறுவனங்கள் விற்ற எஸ்5 கருவிகளை எவராலும் திறக்க முடியவில்லை. திறப்பவருக்கென்று பாவனையாளர்கள் தமக்குள் சேர்த்து அறிவித்த பரிசுத்தொகை ஏறத்தாழ 18,000 டொலரை எட்டியது. ஜூன் நடுப்பகுதியில் ஜோர்ஜ் ஹொட்ஸ் என்னும் இளைஞர் 'ரவல்ரூட்' என்ற சிறு செயலியை வெளியிட்டார். 2007இல், பதினேழு வயதில், முதல் ஐபோனின் வலையமைப்புப் பூட்டைத் திறந்தவர் இவரே. அவரது செயலியில் ஒரேயொரு பொத்தான். அதை அழுத்தினால் காரியம் முடிந்தது.

அந்தப் பொத்தானுக்குப் பின்னால் இருந்த வழு, லினக்ஸ் கருவில் செயல்கள் ஒன்றுக்கொன்று காத்திருக்கும் வரிசையை ஒழுங்குபடுத்தும் பகுதியில் இருந்தது. அகதி விண்ணப்பம் கொடுக்க வரிசையில் நின்ற எமது வாசகருக்கு இதை விளக்குவது எளிது. வரிசையில் நின்றவர் தமது அலுவல் முடிந்து போய்விட்டார். அவருடைய பதிவு மட்டும் ஏட்டில் அழிபடாமல் நிற்கின்றது. அந்த இடத்தில் மற்றொருவர் தாம் விரும்பியதை எழுதிவைக்க, அலுவலர் அதைப் பழைய பதிவென்றே நம்பி ஒப்பமிடுகின்றார். கருவும் இவ்வாறே ஏமாற்றப்பட்டு, சாதாரண செயலி ஒன்றுக்கு எண் 0இன் அதிகாரத்தைக் கையளித்தது. இந்த வழுவைக் கண்டுபிடித்தவர் 'பிங்கி பை' என்ற புனைபெயர் கொண்ட ஆய்வாளர். லினக்ஸ் திட்டத்தினர் ஜூன் தொடக்கத்திலேயே திருத்தத்தை வெளியிட்டுவிட்டனர். ஆயினும் ஏற்கெனவே விற்கப்பட்டுவிட்ட கருவிகள் பலவற்றை அது எட்டவேயில்லை. பழைய கருவிகள் ஒரே அழுத்தலில் திறபடுவதன் இரகசியம் இதுதான்: அடைக்கப்படாத துளை ஒன்று அங்கே இருக்கின்றது, அவ்வளவே.

துளை இருக்குமானால் அது எல்லோருக்கும் திறந்தே இருக்கும். 2015 ஜூலையில், அரசாங்கங்களுக்கு உளவு மென்பொருள் விற்றுவந்த மிலான் நகரத்து ஹக்கிங் ரீம் நிறுவனத்தின் உள்ளகக் கோப்புகள் களவாடப்பட்டு உலகெங்கும் பரவின. அவற்றுள் அன்ட்ரொயிட் கருவிகளை ஊடுருவும் நிரல்களும் இருந்தன. 2016 ஏப்ரலில் புளூ கோட் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஒரு செய்தியை வெளியிட்டனர். இணையப் பக்கங்களின் விளம்பரங்களுக்குள் ஒளிந்திருந்த நிரலொன்று, ஹக்கிங் ரீமிடமிருந்து கசிந்த வழியால் பழைய அன்ட்ரொயிட் கருவிகளுள் நுழைந்து, பின்னர் ரவல்ரூட்டின் அதே வழியால் ரூட் அதிகாரம் பெற்று, கருவியைப் பூட்டிவிட்டுப் பணயம் கேட்டது. காவல்துறையின் பெயரில் மிரட்டல்; 200 டொலர் பெறுமதியான ஐரியூன்ஸ் அன்பளிப்பு அட்டைகள் வேண்டுமாம். பாவனையாளர் எந்தப் பொத்தானையும் அழுத்தவில்லை. இளைஞர்கள் கொண்டாடிய அதே நிரல் ஈராண்டுக்குள் கொள்ளையரின் கைக்கருவியாயிற்று.

கிங்ரூட், கிங்கோரூட் போன்ற மென்பொருள்களை நாம் கூடுதல் ஐயத்துடனேயே நோக்குகின்றோம். அவற்றின் மூலநிரல் வெளியிடப்படவில்லை. ரூட் அதிகாரம் கிடைத்த பின்னர், எந்தச் செயலிக்கு அதை வழங்குவது என்று முடிவு செய்யும் காவலாளாகவும் அவர்களுடைய செயலியே அமர்ந்துகொள்கின்றது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ரிவர்சைட் வளாக ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட கட்டுரை, இத்தகைய நிறுவனம் ஒன்றின் களஞ்சியத்தில் 160க்கும் மேற்பட்ட ஊடுருவல் நிரல்கள் இருந்ததையும், அவற்றைத் தீயோர் பிரித்தெடுத்துக்கொள்ள இயலும் என்பதையும் காட்டியது. தலைச்சாவி செய்து தருபவர் தமக்கும் ஒன்றை வைத்துக்கொண்டாரா என்பதை வீட்டுக்காரர் எவ்வாறு அறிவார்?

சாதாரணக் குடிமகன் ஒருவருக்கு இதனால் நேரக்கூடிய இழப்பு ஒரு கருவி, சில புகைப்படங்கள். எமது மக்களின் நிலை வேறு. தஞ்சம் கோருபவரின் கைத்தொலைபேசியில் அவரது வழக்கே இருக்கின்றது. அழைப்பாணையின் படம், எரிந்த வீட்டின் படம், தாயின் குரற்செய்தி, சட்டத்தரணியுடன் பரிமாறிய கடிதங்கள் யாவும் அதனுள்தான். அரசுகளும் இதை நன்கறியும். கடவுச்சீட்டு இல்லாது வருவோரின் கைத்தொலைபேசித் தரவுகளை அகதிகள் அலுவலகம் வாசிக்க, ஜேர்மனி 2017இல் சட்டம் இயற்றியது. ஆப்கானியப் பெண் ஒருவரின் வழக்கில், வேறு எளிய வழிகளை நாடாது விசாரணையின் தொடக்கத்திலேயே அவ்வாறு வாசித்தது சட்டமுரண் என்று லைப்சிக்கிலுள்ள கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் 2023 பெப்ரவரி 16ஆம் நாள் தீர்ப்பளித்தது. பிரித்தானியாவிலும், 2020இல் சிறுபடகுகளில் கால்வாய் கடந்து வந்தோரிடம் கைத்தொலைபேசிகளை ஒட்டுமொத்தமாகப் பறித்த நடைமுறை சட்டவிரோதமானது என்று உயர் நீதிமன்றம் 2022 மார்ச்சில் கூறியது.

நீதிமன்றங்களிற் போராடிப் பெற்ற இந்தப் பாதுகாப்பை, முகம் தெரியாத நிரலொன்றுக்கு எமது கையாலேயே அறைகளைத் திறந்துவிட்டு இழப்பது அறிவுடைமையன்று. இன்னொன்றும் உண்டு. ரூட் செய்யப்பட்ட கருவியில் கோப்புகளின் திகதியையும் செய்திகளின் பதிவையும் மாற்றுவது எளிது. மாற்றினீர்கள் என்று எவரும் நிறுவ வேண்டியதில்லை; மாற்றியிருக்கலாம் என்று ஒருவர் ஐயுற்றாலே போதும், உண்மையான சான்றின் எடையும் குறைந்துவிடும். வழக்கின் சான்றுகள் உள்ள கருவியை ரூட் செய்யவே வேண்டாம் என்பதே எமது திண்ணமான கருத்து. வங்கிச் செயலிகள் பல அத்தகைய கருவியில் இயங்க மறுக்கும் என்பதையும் சேர்த்து எண்ணிக்கொள்க.

இழுப்பறையில் வெறுமனே கிடக்கும் கருவியின் கதை வேறு. அதில் கற்றுக்கொள்ள விரும்பும் இளைஞரை நாம் தடுக்கமாட்டோம். அமெரிக்காவில் 2010 முதற்கொண்டே கைத்தொலைபேசியின் பூட்டைத் தன் தேவைக்கு உடைப்பதற்குப் பதிப்புரிமைச் சட்டத்தில் விலக்கு உண்டு. ஆனால் ரூட் செய்வதால் மட்டும் பழைய இயங்குதளம் புதிதாகிவிடாது. அன்ட்ரொயிட் 5க்கு முற்பட்ட கருவிகளில் வட்ஸ்அப் 2023 ஒக்ரோபரிலேயே நின்றுவிட்டது. ரூட் அதிகாரம் அதை மீட்டுத் தராது. வேண்டியது இயங்குதளத்தையே மாற்றுவது. எஸ்5 கருவிக்குச் சம்சுங் அன்ட்ரொயிட் 6உடன் கைவிரித்தது. லினியேஜ் என்னும் தன்னார்வலர் திட்டமோ அதன் சர்வதேச வகைக்கு அன்ட்ரொயிட் 11 வரை கொண்டு சேர்த்தது. அதன் மூலநிரல் எவரும் படிக்கக்கூடியது. உழைப்புக் கூடிய வழிதான். மாற்றுமுன் கருவியில் உள்ளவற்றைப் பிரதி எடுத்தாக வேண்டும்.

யாரிடமிருந்தேனும் பழைய கருவி கைக்கு வருமாயின் ஒன்றைக் கவனிக்க. அமைப்புகளிற் சென்று 'ஆலை மீட்டமைப்பு' செய்தால் படங்களும் செய்திகளும் போகும். ரூட் நிரல் பெரும்பாலும் போகாது. அது இயங்குதளத்தின் பகுதியில் குடியிருப்பதால் மீட்டமைப்பின் கை அங்கே எட்டுவதில்லை. உற்பத்தியாளரின் மூல இயங்குதளத்தை முழுவதுமாக மீளப் பதிந்தால்தான் அது அகலும். சம்சுங் கருவிகளாயின் கணினியிலிருந்து ஓடின் என்னும் மென்பொருளால் அதைச் செய்யலாம். அரை மணி நேர வேலை. சான்றுகளின் படங்களை அக்கருவியில் ஏற்றுவது அதற்குப் பின்னரே.