சீமெந்து முற்றமும் செம்மண் வளவும்

உரும்பிராய் என்றதும் செம்மண்ணே நம் நினைவில் எழும். வாழையும் மரவள்ளியும் மிளகாயும் செழிக்கும் அத்தோட்டங்களுக்கு அருகிலேயே, வீட்டின் பின்புறம் ஒரு புல்லுக்கும் இடமின்றிச் சீமெந்தால் மூடப்பட்டுக் கிடக்கக் காணும்போது வருத்தம் தோன்றுகின்றது. மண்ணால் வாழ்ந்த ஊர் மண்ணை மறைப்பானேன்?

காரணம் விளங்காததன்று. 1990ஆம் ஆண்டின் பின் போர்க்காலத் தடையால் குடாநாட்டிற் சீமெந்து அரும்பொருளாயிற்று. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்து மக்கள் பெருந்திரளாக இடம்பெயர்ந்தனர். மீண்டு வந்தோர் பலர் கண்டவை இடிந்த சுவர்களும் பற்றைகளுமே. பின்னர்ப் பாதை திறந்து பொருள் வந்தபோது, பாம்புக்கும் சேற்றுக்கும் அஞ்சாத முற்றத்தை அவர்கள் விரும்பியதில் வியப்பில்லை. முதியோர் தனித்திருக்கும் வீட்டில் சருகு கூட்டவும் ஆளில்லை. ஆதலின் அவர்களைக் குறைகூறுதல் தகாது.

எனினும், மூடிய முற்றம் நம்மிடம் ஒரு விலை கேட்கின்றது. பகலெல்லாம் வெயிலை உண்ட சீமெந்து இரவில் அவ்வெப்பத்தை உமிழ்கின்றது. அதனினும் பெரியது நீரிழப்பு. குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தங்கும் மழைநீரே நம் கிணறுகளை ஊட்டுவது. அம்மழையின் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரையே பெய்கின்றது. 100 சதுர மீற்றர் முற்றத்தில் 10 மில்லிமீற்றர் மழை பெய்தால் அது 1,000 லீற்றர் நீராகும். கிணற்றுக்குச் சேரவேண்டிய அந்நீர் ஒழுங்கையில் ஓடி வீணாகின்றது.

வெயிலையும் மழையையும் வீட்டுக்குள் வரவேற்ற நாற்சார் வீட்டு நடுமுற்றம் நம் முன்னோர் கண்ட வழி. வெயில் மிகுந்த ஸ்பெயின் நாட்டுக் கோர்டோபா நகரத்தாரும் தம் உள்முற்றங்களைப் பூச்சாடிகளால் நிறைத்துக் குளிர்விக்கின்றனர். அம்முற்றத் திருவிழாவை யுனெஸ்கோ 2012இல் மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது.

நாமும் முற்றம் முழுவதையும் உடைக்க வேண்டியதில்லை. அடுக்களையிலிருந்து கிணற்றடிக்குச் செல்லும் பாதையை முதியோரின் காலுக்கென விட்டுவிடலாம். மதிலோரமாக மூன்றடி அகலத்துக்குச் சீமெந்தைப் பெயர்த்து, கல்லும் காரையும் நீக்கி, செம்மண்ணும் மக்கிய மாட்டெருவும் கலந்து நிரப்பினால் போதும். பெயர்த்த துண்டுகளை இடைவெளிவிட்டுப் பதித்தால் அவையே நடைகல்லாகும். புரட்டாதியில் இவ்வேலை முடிந்தால் ஐப்பசி மழை வேரூன்றச் செய்யும். மதிலோரம் செவ்வரத்தையும் நந்தியாவட்டையும், அடுக்களையருகே தேசியும் கறிவேப்பிலையும், கிணற்று நீர் வழியும் இடத்தில் வாழையும், நிழலுக்கு ஒரு மல்லிகைப் பந்தரும் அமையலாம். மாவும் பலாவும் மதிலை அண்டி நிற்றல் ஆகாது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று அளவுக்கு மிஞ்சியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. பயிருக்கு மிகையாக இடும் உரமும் மலக்குழிகளும் அதற்குக் காரணங்கள். ஆகவே கிணற்றருகே பூக்கன்றுக்கு யூரியா இடுவது, நாம் பருகும் நீரில் நாமே மாசு கலப்பதாகும். கூட்டெருவையும் அளவோடு இடுதலே அறிவுடைமை.

மாலையில் ஒரு நாற்காலியை மல்லிகைப் பந்தரின் கீழ் இட்டு அமரலாம். அடுத்த மழையில் மண் மணக்கும். அம்மணத்தோடு நீரும் கிணற்றை நோக்கி இறங்கிக்கொண்டிருக்கும். பேரப்பிள்ளைகளுக்கு நாம் விட்டுச்செல்லும் முதுசங்களுள் நீரூறும் கிணறும் ஒன்றன்றோ?