ரத்தமில்லாத உளுந்துச் செடி, வைரஸை எதிர்த்து நிற்பது எப்படி?

கந்தர்வக்கோட்டைப் பக்கத்து வயலொன்றில் ஓர் உளுந்துச் செடி, வெள்ளை ஈக்கள் பரப்பும் வைரஸால் மஞ்சள் தேமல் கண்டு வெளிறி நிற்க, அதே வெள்ளை ஈக்கள் வந்தமர்ந்த வேறொரு ரகச் செடி பசுமை குன்றாதிருப்பதைக் கண்டால், அதன் ரகசியத்தை அறிய உங்கள் மனம் அவாவுறாதா?

மனித தேகத்தில் வெள்ளை அணுக்கள் சுற்றிவந்து காவல் புரிகின்றன. செடியிலோ ஒவ்வோர் உயிரணுவும் தானே காவலாளி.

திருடனின் மேல்துண்டைக் கிழித்து ஆளுக்கொரு துணுக்காக வைத்துக்கொண்டு, அதே துணி அணிந்து எவன் வந்தாலும் ஒப்பிட்டு மடக்கும் ஊர்க்காவலரை நினைத்துக்கொள்ளுங்கள். அதுபோலவே, வைரஸ் பெருகும்போது தோன்றும் இரட்டை இழை ஆர்.என்.ஏ.வைக் கத்தரி போன்ற நொதியொன்று 21 முதல் 24 எழுத்து நீளமுள்ள துணுக்குகளாக நறுக்க, அவற்றை அடையாளமாக ஏந்திய மற்றொரு புரதம், அவற்றுக்குப் பொருந்தும் வைரஸின் ஆர்.என்.ஏ. கட்டளைகளைத் தேடித்தேடி வெட்டி நாசமாக்குகிறது.

எனக்குப் பேராச்சரியம் தருவது இதற்கு அடுத்த கட்டமே: அத்துணுக்குகள் அண்டை உயிரணுக்களுக்கும் நகர்ந்து, பகைவன் வருமுன்பே எச்சரிக்கை செய்துவிடுகின்றன!

வைரஸும் வாளாவிராமல், இக்காவலைக் குலைக்கும் புரதங்களை உற்பத்தி செய்கிறது. ஆகையால் பரம்பரையாக வரும் எதிர்ப்புக் குணமும் செடிக்கு வேண்டியதாகிறது. நம் மாவட்டத்து வம்பனிலுள்ள தேசிய பயறு வகை ஆராய்ச்சி மையம் அளித்த வம்பன் 8 உளுந்து, அக்குணம் வாய்ந்த ரகங்களுள் ஒன்று.